நீல மோதிரம் தனியாக ஏன் அடங்கிவிடுகிறது?

உங்கள் காமிக்ஸ் கதையில், குளச்சல் கரையில் தனியாக நிற்கும் நாயகனின் நீல மோதிரம் அலையைத் தடுக்காமல் போகிறதே, இது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. அதை மாற்ற வேண்டாம். டிசி காமிக்ஸில் நீல லாண்டர்ன்களின் (நீல சக்தி மோதிரம் அணிந்த வீரர்களின்) விதியே அதுதான்: பக்கத்தில் பச்சை லாண்டர்ன் ஒருவர் இருந்தால்தான் முழு சக்தியும் வரும். தனியாக என்றால் பறக்கலாம், உடலைச் சுற்றி ஒரு காப்பு ஒளி இருக்கும், அவ்வளவுதான்.

நீலம் நம்பிக்கை, பச்சை மன உறுதி. நீல லாண்டர்ன் செயின்ட் வாக்கர் அணையப்போகும் சூரியனுக்கு உயிர் கொடுத்தபோதும் பச்சை லாண்டர்ன் ஹால் ஜோர்டன் பக்கத்தில் இருந்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு விளக்கமே தேவையில்லை. 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கரையில் காத்திருந்தவர்கள் நம்பிக்கையை விடவில்லை. அதே நேரம் மீனவர்களே படகெடுத்துத் தேடவும் போனார்கள். எனக்கு அந்த விதி புரிந்தது அங்கேதான்.

சிக்கல் அநேகமாக, உங்கள் கதையில் பச்சைக்கு ஆளே இல்லாததுதான். ஒன்று செய்து பாருங்கள்: அதே பக்கத்தில், வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறும் அவன் அக்காவின் கையில் பச்சை மோதிரத்தை வரையுங்கள். அப்புறம் நீல மோதிரம் எரியட்டும். காட்சி எடுபடுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மூலக்கதைப்படி அக்காவிடம் துணிச்சல் மட்டும் இருந்தால் போதாது, பச்சை மோதிரமே வேண்டும். துணிச்சலே போதும் என்று வைத்தால் அது உங்கள் சொந்த விதி. அதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுங்கள்.