பழைய காருக்குப் புதிய பில்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 பெட்ரோல் கார் உள்ளது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. கிண்ண வகைப் பழைய ஆயில் பில்டரை எடுத்துவிட்டு, இன்றைய கார்களில் உள்ளது போல் திருகி மாட்டும் பில்டரைப் பொருத்தி, விளக்குக்குப் பதிலாக எலெக்ட்ரிக் பிரஷர் மீட்டரும் சென்சாரும் வைத்துவிட்டால் சரியாகும் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையுமே செய்யலாம், ஆனால் நீங்கள் சொல்லும் குறையை இரண்டுமே தீர்க்காது. திருகி மாட்டும் பில்டர் வேலையை எளிதாக்கும், மீட்டர் உண்மையைக் காட்டும், அவ்வளவுதான். பேரிங் தேய்ந்திருந்தாலோ, பம்ப் தளர்ந்திருந்தாலோ, பிளாக்கின் பின்பகுதியில் குமிழ் நட்டுக்கு அடியில் இருக்கும் ரிலீஃப் வால்வின் (மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ, புது பில்டர் மாட்டிய மறுநாளும் அதே சிக்னலில் அதே விளக்கு மினுக்கும். ஆகவே முதல் வேலையாக, விளக்கின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பட்டறையில் இருக்கும் சோதனை மீட்டரை மாட்டி, இன்ஜின் சூடான நிலையில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் காரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு, ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), ஐட்லிங்கில் 10 முதல் 25 பி.எஸ்.ஐ. என்பது கையேட்டுக் கணக்கு. விளக்கின் ஸ்விட்சோ பொதுவாக 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் விளக்கை எரிய விடும். சோதனை மீட்டர் ஐட்லிங்கில் 15 காட்டியும் விளக்கு மினுக்கினால், குறை ஐம்பது ஆண்டு கண்ட அந்த ஸ்விட்சில் இருக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓட்டத்தில் மெக்கானிக் 'மூணு கிலோ இருக்கு' என்று சொன்னால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ, அது ஏறக்குறைய 43 பி.எஸ்.ஐ.; பயப்படும் அளவல்ல. மீட்டரும் 5-ஐத்தான் காட்டினால், முதலில் ஊற்றியிருக்கும் எண்ணெய் 20W-50 தானா, அல்லது இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெயா என்று பாருங்கள்.

இனி பில்டர். பழைய கிண்ணத்தின் தொல்லை அதன் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. கிண்ணம் பூட்டப்படும் தலைப்பகுதியின் பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய வளையத்தை ஊசி கொண்டு நெம்பி எடுக்காமல், அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டிவிட்டால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் எண்ணெய் தரையில் ஓடும். இந்தத் தவற்றை நானும் ஒருமுறை செய்து, கோலம் போட்ட வாசலைப் பாழாக்கி, வீட்டாரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக் கொண்டேன். திருகி மாட்டும் பில்டரில் இந்தத் தொல்லை இல்லை என்பதால் மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இதற்குப் பழைய தலையில் புது பில்டரைப் பொருத்தும் அடாப்டர் வேண்டும்; வெளிநாட்டில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் எம்.ஜி. கார்களுக்காகச் செய்யப்பட்டவை, உங்கள் பில்டர் தலையின் பள்ளத்தையும் நடு போல்ட்டின் மரையையும் அளக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதில் உண்மையான ஆபத்து பில்டரின் மரையில்தான் ஒளிந்திருக்கிறது. இத்தகைய அடாப்டர்களில் பெரும்பாலும் இருப்பது முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 16 மரை கொண்ட தண்டு, அதாவது 19.05 மி.மீ. கடைகளில் கிடைக்கும் பில்டர்கள் பலவற்றின் மரை 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்டது. அது இந்தத் தண்டில் தொளதொளவென ஏறி, கையால் இறுக்கும்போது பொருந்திவிட்டது போலவே தோன்றி, குளிர்ந்த இன்ஜினில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும் ஒரு காலையில் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே உருவத்தைப் பார்த்து வாங்காமல், மரையைக் கேட்டு வாங்குங்கள். பில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு வழிவிடும் பைபாஸ் வால்வு உங்கள் பில்டர் தலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பில்டருக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். பில்டர் சாய்வாகவோ தலைகீழாகவோ அமைந்தால், இன்ஜின் நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வும் தேவை. இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் சில நொடிகள் பேரிங்குகள் வறண்டு தட்டும்.

சென்சார் விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள் சொல்வேன். ஒன்று, மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய வகைச் சென்சார் அழுத்தமில்லாதபோது சுமார் 10 ஓம் மின்தடை, முழு அழுத்தத்தில் சுமார் 180 ஓம் காட்டும். அமெரிக்க வகையில் 240 ஓமில் தொடங்கி 33-க்கு இறங்கும். இரண்டையும் கலந்தால் முள் எதிர்த்திசையில் நடக்கும். மேலும், ஐரோப்பிய வகையில் ஒயர் அறுந்தால் முள் முழு அழுத்தத்தில் போய் நிற்கும். எண்ணெயே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் மெக்கானிக் சொல்வது போல் விளக்கை எடுத்துவிடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

இரண்டு, கனமான சென்சாரைப் பித்தளை 'டி' (மூன்று வழி இணைப்பு) ஒன்றின் நுனியில் பிளாக்கிலேயே தொங்கவிடக் கூடாது. இன்ஜின் அதிர்வில் பித்தளை கழுத்தோடு முறியும். உறுதியான வளையும் குழாய் ஒன்றைக் கொடுத்து, சென்சாரை மட்கார்டின் உள்பக்கத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். ஒற்றை ஒயர் சென்சார் தன் உடல் வழியாகவே எர்த் பெறுவதால், அப்போது அதற்குத் தனி எர்த் ஒயர் வேண்டும். டெஃப்லான் டேப்பையும் அளவுக்கு மீறிச் சுற்றாதீர்கள்; பிளாக்கிலேயே மாட்டியிருந்தால் எர்த் கெடும், பிய்ந்த துணுக்கு எண்ணெய் வழியை அடைக்கும்.

மூன்றாவது மீண்டும் மரைதான். எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் பைப் மரையில் அங்குலத்துக்கு 28, அமெரிக்க மரையில் 27. கோணமும் முறையே 55, 60 பாகை என்று வேறுபடும். முதல் இரண்டு சுற்று இரண்டுமே ஏறும், அதன்பின் பலவந்தப்படுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். மரை கேஜ் வைத்துப் பாராமல் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் இன்ஜினைச் சுழற்றுங்கள்.

கேள்வி: எனது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜில் முன்பு யாரோ பொருத்திய, செப்புக் குழாயில் இயங்கும் ஒயில் பிரஷர் மீட்டர் உண்டு. குழாய் இருமுறை வெடித்துவிட்டது. எலெக்ட்ரிக் மீட்டருக்கு மாறுவதா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மாற வேண்டாம். எண்ணெயின் அழுத்தத்தையே நேரடியாக வாங்கிக் காட்டும் அந்த மீட்டர், இடையில் ஒயரும் மின்தடையும் வைத்த எதையும்விட நம்பத்தக்கது. குழாய் வெடிக்கக் காரணம், அதிரும் இன்ஜினுக்கும் அசையாத பாடிக்கும் இடையே அது விறைப்பாகக் கட்டப்பட்டிருப்பதுதான். இன்ஜின் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் பிரஷர் குழாய் போட்டு, அதன்பின் செப்புக் குழாயை இரண்டு சுற்றுச் சுருளாக விட்டுப் பாடியில் கிளிப் போடுங்கள். மலிவான நைலோன் குழாயைச் சைலன்சர் பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் இளகிப் பிளந்தால், கொதிக்கும் எண்ணெய் சிவந்த இரும்பின் மேல் விழும்.