உலகத் தொற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கிளீம்விஸ் மென்பொருளில் தொற்றுநோய் நாடு விட்டு நாடு பரவுவதை ஓட்டிப் பார்க்கும் செட்டிநாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவை, அவற்றுக்கான பதில்கள்.

அண்ணே, வரைபடத்தில் காரைக்குடியைக் காணவில்லை. எப்படிச் சேர்ப்பது? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

சேர்க்க முடியாது தம்பி. இந்த மாடலுக்கு ஊர் தெரியாது, விமான நிலையம்தான் தெரியும். உலக மக்கள்தொகையைக் கால் டிகிரி கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கி.மீ. அகலம். ஒவ்வொரு கட்டமும் அதே நாட்டில் அதற்கு அருகிலுள்ள விமான நிலையத்தோடு சேரும். 2011இல் மென்பொருளை விளக்கி வெளிவந்த கட்டுரையின்படி 220 நாடுகளில் இப்படி 3,362 வட்டாரங்கள். அவற்றை விமானப் பயணமும், வேலைக்குத் தினமும் போய்வரும் போக்குவரத்தும் இணைக்கின்றன.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையமும் மதுரை விமான நிலையமும் நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கி.மீ.தான். அதனால் காரைக்குடி திருச்சி வட்டாரத்திலும், பக்கத்துத் தேவகோட்டை மதுரை வட்டாரத்திலும் விழ வாய்ப்பு உண்டு. ஒரு வட்டாரத்துக்குள் எல்லாரும் எல்லாரோடும் கலப்பதாகத்தான் கணக்கு. ஆகவே திருச்சிக்கு வந்த எண்ணிக்கையை மக்கள்தொகை விகிதத்தில் வகுத்து, "காரைக்குடியில் இத்தனை பேர்" என்று ப்ராஜெக்டில் எழுதிவிடாதீர்கள். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ தொடங்கும் தொற்று திருச்சிக்கு எப்போது வரும் என்பதற்கு இது நல்ல கருவி. அரியக்குடிக்கு எப்போது வரும் என்பதற்கு அல்ல.

ஐயா, மூன்று நாளில் குணமாகும் நோய் என்பதால் குணமாகும் வீதத்தில் 3 போட்டேன். தொற்று கிளம்பவே இல்லை. (மாணவி, தேவகோட்டை)

அங்கே கேட்பது நாள் கணக்கு இல்லையம்மா, ஒரு நாளைக்கான வீதம். 3 என்று போட்டால் எட்டு மணி நேரத்தில் குணமாகும் நோய் என்று பொருள். 1-ஐ 3-ஆல் வகுத்து 0.333 போடுங்கள். நோய் உடலுக்குள் பதுங்கியிருக்கும் காலம் 2 நாள் என்றால் அந்த வீதம் 0.5. ஆர்-நாட், அதாவது ஒரு நோயாளி சராசரியாகத் தொற்ற வைக்கும் ஆட்கள், 1.5 என்று வையுங்கள். பரவும் வீதமான பீட்டா என்பது ஆர்-நாட்டைக் குணமாகும் வீதத்தால் பெருக்கியது, 0.5.

மாடலில் ஒரே நோய்நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கும் பிரிவுக்குப் பெட்டி என்று பெயர். அறிகுறியில்லாதவர்களுக்குத் தனிப் பெட்டி வைத்தால் இந்த பீட்டா போதாது. மூன்றில் ஒருவருக்கு அறிகுறியே இல்லை, அவர் பாதி அளவே பரப்புவார் என்றால், மொத்தப் பரவல் 0.833 மடங்காகக் குறைந்துவிடும். ஆர்-நாட் 1.5 ஆகவே நிற்க வேண்டுமானால் பீட்டாவை 0.6 ஆக்குங்கள். பெட்டிகள் கூடக்கூட இந்தத் திருத்தத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி: இந்த எண்களுக்குத் தொடக்கத்தில் நோயாளிகள் 7.7 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். தடுப்பு ஏதுமில்லாமல் கடைசிவரை ஓடவிட்டால் ஒரு வட்டாரத்தில் சுமார் 58 சதவீதம் பேருக்குத் தொற்றியிருக்க வேண்டும். இதற்கு வெகுதூரம் தள்ளி வந்தால் வரைபடத்தை நம்பாதீர்கள், பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

சார், அதே எண்கள்தான். ஒரு தடவை உலகமெல்லாம் பரவுகிறது, இன்னொரு தடவை பத்து நாளில் அணைந்துவிடுகிறது. பிழையா? (கண்டனூர்)

பிழை இல்லை. ஒவ்வொரு நாளும் யாருக்குத் தொற்றுகிறது, யார் விமானம் ஏறுகிறார் என்பதைப் பகடை உருட்டுவதுபோல்தான் மாடல் முடிவு செய்கிறது. ஆர்-நாட் 1.5 ஆக இருந்து, ஒரே நோயாளியோடு தொடங்கினால், மூன்று ஓட்டத்தில் இரண்டு தானாக அணையும். பத்துப் பேரோடு தொடங்கினால் அணைவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒற்றை ஓட்டத்தின் படத்தை முடிவாகக் காட்டாதீர்கள். பல ஓட்டங்கள் ஓட்டி, இடைநிலை அளவையும் 95 சதவீத ஓட்டங்கள் விழும் எல்லைகளையும் சேர்த்தே காட்டுங்கள். அணைந்துபோன ஓட்டங்களைக் கணக்கில் சேர்த்தீர்களா, விலக்கினீர்களா என்பதையும் எழுதுங்கள்.

விமானங்களில் 90 சதவீதத்தை நிறுத்தினால் தொற்று நமக்கு வராதுதானே? (ஆசிரியர், கோட்டையூர்)

வரும் சார், தாமதமாக வரும். வந்து இறங்கும் நோயாளிகள் பத்தில் ஒன்றாகக் குறைகிறார்கள். ஆனால் தொடங்கிய நாட்டில் தொற்று பத்து மடங்கு பெருகினால் அந்தக் குறைவு ஈடாகிவிடும். 7.7 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் பத்து மடங்காக 25 அல்லது 26 நாள். அவ்வளவுதான் கிடைக்கும் அவகாசம். 99 சதவீதம் நிறுத்தினால் 51 நாள். இங்கே வந்த பிறகு பரவும் வேகத்தை விமானத் தடை தொடவே தொடாது. கிடைத்த நாட்களில் படுக்கையும் மருந்தும் தயாராகின்றனவா என்பதுதான் கேள்வி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி இந்த மென்பொருளில் இல்லை என்பேன்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் பாதயாத்திரையைச் சேர்க்கலாமா அண்ணே?

நேரடியாக முடியாது. குறிப்பிட்ட தேதிகளில், குறிப்பிட்ட வட்டாரத்தில் பீட்டாவை மாற்ற வசதி உண்டு. ஆனால் மதுரை வட்டாரத்துக்கு ஏற்றினால், வீட்டில் இருப்பவர்களும் நடப்பதாகக் கணக்காகிவிடும், விளைவு ஊதிப் பெருகும். இதற்குப் பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாகச் சிறிய மாடல் எழுதுங்கள்: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பழனி என நாலைந்து ஊர்கள், நடப்பவர்களுக்குத் தனிக் குழு. வீதத்தை அப்படியே நிகழ்தகவாகப் போட்டுவிடாதீர்கள். 0.5 வீதத்துக்கு ஒரு நாள் நிகழ்தகவு 1 − exp(−0.5), அதாவது 0.39தான்.

வரைபடத்தில் எப்போதும் பெரிய நகரங்களே சிவப்பாகத் தெரிகின்றன.

நோயாளிகளின் மொத்த எண்ணிக்கைக்கு வண்ணம் கொடுத்தால் அது மக்கள்தொகைப் படமாகத்தான் வரும். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள், வண்ண அளவுகோலை லாக் முறையில், அதாவது 1, 10, 100 என மடங்காக ஏறும்படி வையுங்கள்.

டெங்குவுக்கு இதையே பயன்படுத்தலாமா? (சுகாதாரப் பணியாளர், தேவகோட்டை)

ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் எஸ்இஐஆர் மாடலை (தொற்றக்கூடியவர், நோய் பதுங்கியிருப்பவர், பரப்புபவர், குணமானவர் என நான்கு பெட்டிகள்) டெங்குவுக்கு வைக்காதீர்கள். கொசுவுக்கும் தனிப் பெட்டிகள் வேண்டும், வெப்பநிலையும் உள்ளே வர வேண்டும். ஏடிஸ் கொசு அதிகதூரம் பறக்காது. பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சிமெண்ட் தொட்டியும், மூடாத அண்டாவும், மாடியில் கிடக்கும் டயரும்தான் அதற்கு இடம். தெருவுக்குத் தெரு மாறும் விஷயத்தை 27 கி.மீ. கட்டம் காட்டாது. உங்களுக்கு வேண்டியது உலக வரைபடம் அல்ல. வார்டுவாரியாக, எத்தனை வீட்டைப் பார்த்தோம், எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று வாராவாரம் எழுதும் பட்டியல்தான்.