லித்தியத்தின் மின்முனை அழுத்தம்தான் அதிகம், ஆனால் தண்ணீரில் சீசியம்தானே வெடிக்கிறது, ஏன்?

கேள்வியில் இருக்கும் குழப்பம் நியாயமானதுதான். ஓர் உலோகம் கரைசலில் எலக்ட்ரானை இழக்க எவ்வளவு முனைகிறது என்பதன் அளவுதான் திட்ட மின்முனை அழுத்தம், எதிர்க்குறியில் எண் பெரிதானால் முனைப்பும் அதிகம். அது லித்தியத்துக்கு −3.04 வோல்ட், சோடியத்துக்கு வெறும் −2.71. அப்புறம் தனிம அட்டவணையில் கார உலோகங்களில் (லித்தியம், சோடியம், பொட்டாசியம், சீசியம்) கீழே போகப் போக வினைத்திறன் கூடும் என்று எப்படிப் பாடம் நடத்துகிறார்கள்?

இரண்டும் சரிதான். மின்முனை அழுத்தம் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்று சொல்கிறது, எவ்வளவு வேகத்தில் கிடைக்கும் என்று அது சொல்லவே சொல்லாது.

கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மண்ணெண்ணெயிலிருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றிவிட்டுக் கத்தியால் அழுத்தினால் சோப்புக்கட்டி மாதிரி வெட்டுப்படும், வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போகும். மிளகளவு துண்டை பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) கலந்த தண்ணீரில் போட்டதுமே உருகி, உருண்டையாகி, உஸ்ஸென்று அங்குமிங்கும் ஓடியது. ஓடிய தடமெல்லாம் இளஞ்சிவப்பு. அடுத்து லித்தியம். மிதந்தபடி குமிழி விட்டுக்கொண்டு, சாவகாசமாகக் கரைந்தது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஒரு மோலுக்கு வெளியாகும் வெப்பம் லித்தியத்தில்தான் அதிகம்: சுமார் 222 கிலோஜூல். சீசியத்துக்கு 203, சோடியத்துக்கு 184. எலக்ட்ரானைப் பிடுங்க லித்தியத்தில் 520 கிலோஜூல் செலவாகும், சீசியத்தில் 376 போதும். ஆனால் லித்தியம் அயனி ரொம்பச் சின்னது, தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்போது வெளியாகும் நீரேற்ற ஆற்றல், சீசியத்தைவிடக் கூடுதலாக ஆன செலவை ஈடுகட்டிவிடுகிறது. −3.04 வந்த கதை இதுதான்.

பிறகு லித்தியம் ஏன் சாது? எலக்ட்ரானை எளிதில் விடாதது ஒரு காரணம். பலர் சொல்லாமல் விடும் இன்னொன்று உருகுநிலை. சோடியம் 98, பொட்டாசியம் 63, சீசியம் 28 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். லித்தியத்துக்கு 180 வேண்டும், கொதிக்கிற தண்ணீரே 100தான். ஆகவே அது கட்டியாகவே கிடந்து, மேற்பரப்பு அளவுக்கு மட்டுமே வினைபுரிகிறது.

(லித்தியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராம்தான் என்பதால் மண்ணெண்ணெயிலும் மிதந்துவிடும், அதனால் பாரஃபின் மெழுகில் பொதிந்து வைப்பார்கள்.)

வெடிப்புக்கே வந்தால், வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதுதான் காரணம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2015-இல் செக் நாட்டு வேதியியலாளர் பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம்–பொட்டாசியக் கலவையின் திரவத் துளியைத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். ஒரு மில்லிவினாடிக்குள்ளேயே துளியிலிருந்து முள்முள்ளாய் உலோகம் சீறிக் கிளம்புகிறது. எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால் துளி சிதறுகிறது. ஒவ்வொரு முள்ளும் தண்ணீரைத் தொடும் புது மேற்பரப்பு. உருகாமல் கட்டியாகக் கிடக்கும் லித்தியத்துக்கு அப்படிச் சிதற வழியே இல்லை.