பஜெரோ முன்பக்க "டக்" சத்தம்: பதில்

1996 பஜெரோவின் முன்பக்கத்தை ரோர்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வண்டியைத் தாங்கும் நீளக் கம்பி) முறுக்கி 3 அங்குலம் ஏற்றியபின், வெள்ளவத்தையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கும்போது "டக்" என்று கேட்கிறது என்கிறீர்கள். ஷொக் அப்சோபரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். சில்லைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் இறங்கி, அதன் இறக்கத்தைத் தடுக்கும் ரிபவுண்ட் ரப்பரில் அடிக்கிறது, பெரும்பாலும் அதுதான். முறுக்குவதால் பார் கடினமாகாது. சில்லு கீழே இறங்குவதற்கான இடத்தைத் தின்றுவிடும்.

சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து, ஏற்றுவதற்கு முன்னிருந்த உயரத்தைவிட 35–40 மில்லிமீற்றருக்கு மேல் கூடாதபடி இறக்குங்கள். ரப்பருக்கும் ஆர்முக்கும் இடையில் ஒரு விரலாவது நுழையவேண்டும். சசியை ஜக்கில் தூக்கி, ஸ்ராண்ட் வைத்து, சில்லு தொங்கும்போதுதான் பாரின் முறுக்கைக் கூட்டிக் குறைக்கும் நட்டைத் திருப்பவேண்டும். பாரத்தோடு திருப்பினால் புரி உரிந்துவிடும். கடற்காற்றில் துரு ஏறியிருக்கும், முதல் நாளே கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் விடுங்கள்.

இறக்கியபின் முன்னும் பின்னும் பத்து மீற்றர் உருட்டிவிட்டே அளவெடுங்கள், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். இரு பக்க வித்தியாசம் 5 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். அப்படியே சீவி பூட்டின் (முன் அச்சு மூட்டை மூடும் ரப்பர் உறை) மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 3 அங்குலக் கோணத்தில் முதலில் கிழிவது அதுதான்.