பசைத் துப்பாக்கி

அண்ணாச்சிக்கு வணக்கம். உவரிப் பக்கம் பள்ளி ஆசிரியை நான். கரையில் ஒதுங்கிய பாட்டில் மூடி, செருப்பு, கயிறு எல்லாம் பொறுக்கி, பிள்ளைகளோடு ஆறடி பிளைவுட்டில் ஒரு மீன் செய்தோம். பசைத் துப்பாக்கியால் ஒட்டி, எனாமல் அடித்து, வெளிச்சுவரில் மாட்டினோம். இப்போது மூடிகள் உதிர்கின்றன. 'குப்பைதானே டீச்சர்' என்று மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். இது கலைதானா?

அன்புள்ள டீச்சர்,

கலைதான். கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுய் மதுப்பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, தாமிரக் கம்பியால் கோத்து, துணிபோலச் சுவர் நிறையத் தொங்கவிடுகிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என்னை உறுத்துவது உங்கள் பசைதான்.

கரைக்கு வருவதில் பெரும்பாலும் மிதக்கும் சாமான். தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக் என்றால் முக்கியமாக பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும். மூடி, கேன், மிதக்கும் கயிறு எல்லாம் இந்த ரகம். இந்த இரண்டிலும்தான் பசை பிடிக்காது. மூடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாமல் உருண்டு நிற்கும். பசைக்கும் அதே கதிதான். கடல் உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததே பசைக்கு ஆகாத சாமானைத்தான்! எபாக்சி என்ற கெட்டிப் பசை வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும், அவ்வளவே. எனாமலும் இதனால்தான் உரியும். வெயிலில் வெளுத்த நிறம் அழகாகத்தானே இருந்தது, அதை ஏன் மூடினீர்கள்?

ஒட்டாதீர்கள், கட்டுங்கள். வலை பின்னத் தெரிந்த தாத்தாக்கள் இருக்கிற ஊரில், பசைத் துப்பாக்கி வாங்க யார் சொன்னது? அவர்களில் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வலைமுடிச்சுப் போட அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

பொறுக்கியதை ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தரம் மாற்றுங்கள். கயிற்றுப் புரிக்குள் உப்பு தங்கும். காய்ந்தபின் வளைத்துப் பாருங்கள். நொறுங்கினால் வெயில் தின்ற சாமான், விட்டுவிடுங்கள். மூடிக்கு இரண்டு துளை, 2 மில்லிமீட்டர் டிரில் பிட், அடியில் மரத்துண்டு. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போடவே கூடாது. அதிலும் பிவிசி கருகினால் வருவது அமிலப்புகை. கட்டுக்கம்பி வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்து அறும். மோட்டார் வைண்டிங் கடையில் 24 கேஜ் தாமிரக் கம்பி கிடைக்கும். மூன்று முறுக்குப் போதும், அதற்கு மேல் முறுக்கினால் கம்பி ஒடியும். நுனியைப் பின்பக்கம் மடக்கிவிடுங்கள், பிள்ளைகள் கை.

இறுக்கிக் கட்டாதீர்கள். ஒரு மீட்டர் பாலிஎதிலீன் குழாய் 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அசைய இடமில்லாவிட்டால் துளையோரம் கீறல் விடும். நீளமான துண்டுகளுக்குத் துளையை அகலமாகவே போடுங்கள்.

பிளைவுட்டையும் தூக்கிப் போடுங்கள். ஈரத்தில் ஊதும்; ஆடிக்காற்றில் படகின் பாய்போலக் காற்றை வாங்கிச் சுவரோடு பெயர்ந்து வரும். சட்டத்தில் பழைய வலையை விரித்து அதில் கட்டினால் காற்று ஊடே போய்விடும்.

பவளத்துண்டு கிடைத்தால் எடுக்கவேண்டாம், சட்டப்படி குற்றம்.

பழைய மீனைப் பிரிக்கும்போது மூடிகள் விரலால் நெம்பினாலே வந்துவிடும். செருப்புத் துண்டுகள் வராது. அந்த ரப்பர் நுரையில் பசை நன்றாகப் பிடிக்கும். அவற்றைப் பிய்க்காமல், பலகையோடு சேர்த்து அறுத்து எடுங்கள்.