சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஒயின் பற்றி எழுதுகிறேன். வெளிநாட்டில் நடக்கும் ஒயின் எழுத்தாளர் கூட்டங்களுக்குச் சொந்தக் காசில் போவது பயன் தருமா?

பயன் தரும். ஆனால் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, "தொடர்புகள்" என்று, அதற்காகப் போகாதீர்கள்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போலத்தான் என்று தோன்றுகிறது. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து, லீவு எடுக்க மேலாளரிடம் கெஞ்சல். இங்கே கற்றுக்கொள்ள வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். டபிள்யூஎஸ்இடி என்ற ஒயின் படிப்புக்கு வகுப்புகள் நடக்கின்றன. வினெக்ஸ்போ ஆசியா என்ற ஒயின் வணிகக் கண்காட்சி 2023இலும் 2025இலும் மரினா பே சாண்ட்ஸிலேயே நடந்தது. இறக்குமதி செய்பவர்கள் அவ்வப்போது கூப்பிட்டு ஊற்றித் தருகிறார்கள். நம்மிடம் இல்லாதது திராட்சைத் தோட்டம். கப்பலேறி வந்த பாட்டிலைத்தான் நாம் பார்க்கிறோம், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் கேள்விப்பட்ட கதை.

இந்த மாதிரிக் கூட்டங்களில் பலருக்கும் தெரிந்தது 2008இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் தொடங்கிய மாநாடு. 2019இல் அது ஆஸ்திரேலியாவின் ஹண்டர் வேலிக்கே வந்தது. நான் போனது அது இல்லை, அதே ஹண்டர் பகுதியில் பிறகு நடந்த சின்னக் கூட்டம். சிட்னிக்கு எட்டு மணி நேர விமானம், அங்கிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம். காலையில் உரைகள், மதியம் பஸ் ஏற்றி ஒயினரிகள், அதாவது ஒயின் செய்யும் இடங்கள், இரவில் விருந்து.

உரைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் "வேகச் சுவை" என்று ஒரு கூத்து. தயாரிப்பாளர்கள் மேசை மேசையாக ஓடி வந்து ஊற்றுவார்கள், ஐந்து நிமிடத்தில் நாம் குடித்து, துப்பி, கேள்வி கேட்டு, குறிப்பும் எழுதிவிட வேண்டும். மணி அடித்தால் அடுத்தவர். அந்தக் குறிப்புகளை வீட்டில் வந்து படித்துப் பார்த்தேன், எது எந்த ஒயின் என்று எனக்கே புரியவில்லை. தொடர்புகள்? பை நிறைய முகவரி அட்டைகள் சேர்ந்தன. திரும்பி வந்து எழுதியதற்குப் பதில் போட்டவர்கள் மிகச் சிலர். நான் சிங்கப்பூர்த் தமிழச்சி என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, கறிக்கு எந்த ஒயின் பொருந்தும்? எந்தக் கறி என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். மீன்தலைக் கறியும் ஆட்டுக் குருமாவும் ஒன்றா?

காசுக்குப் பலன் கிடைத்தது ஒயினரியில். ஹண்டரின் பெயர் சொல்லும் வெள்ளை ஒயின் செமியோன், அந்தத் திராட்சைக்கும் அதே பெயர். ஓடையோர மணல் நிலத்தில் செமியோன் நிற்கிறது, கொஞ்ச தூரம் நடந்து மேடேறினால் செம்மண், அங்கே சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ் திராட்சை. புத்தகத்தில் இதைப் படித்திருக்கிறேன், மனதில் நிற்கவில்லை. செருப்பில் இரண்டு மண்ணும் ஒட்டிய பிறகு மறக்கவில்லை.

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் அந்த ஒயினைச் செய்பவரே. ஹண்டர் வெயில் ஊர், பிப்ரவரியில் மழையும் வந்து கெடுக்கும். அதனால் திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுகிறார்கள். சர்க்கரை ஏறாததால் ஆல்கஹால் 10, 11 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்து, மரப்பீப்பாய் பக்கமே கொண்டுபோகாமல், சில மாதங்களில் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். அந்த வருடத்து ஒயினை முதலில் ஊற்றினார். எலுமிச்சைச் சாறுபோல் பல் கூசியது. அடுத்து அதே தோட்டத்தின் பத்து வருடம் தாண்டிய பாட்டில். நிறம் பொன்னாகியிருந்தது, வாட்டிய ரொட்டியில் தேன் தடவிய வாசனை. என் பக்கத்தில் நின்றவர், பல வருடமாக எழுதுகிறவர், "இது எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது?" என்று கேட்டார். ஒயின்காரர் சிரித்தார். ஒரு நாள்கூட இல்லையாம், அந்த வாசனை பாட்டிலுக்குள்ளேயே வயதாகி வந்ததாம்.

அந்தப் பழைய பாட்டில்தான் விஷயம். சாதாரணப் பயணியாகப் போனாலும் சுவைக்கூடத்தில் ஊற்றுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் விற்பனைக்கு இருக்கிற புது ஒயின்தான் வரும். நிலவறையைத் திறந்து, செய்தவரே ஒரு மணி நேரம் நின்று பேசுவது கூட்டத்தோடு போனால்தான் எளிதில் நடக்கிறது.

உடனே ஒருவர் வருவார், "ஓசியில் குடித்துவிட்டுப் புகழ்கிறீர்கள்" என்று. விமானம், அறை, பதிவுக் கட்டணம் எல்லாம் என் பணம். ஊற்றியதற்கு மட்டும் காசு வாங்கவில்லை, ஊற்றியதில் பாதிக்கு மேல் வாளியில் துப்பினேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். நம்பாதவர்களை நம்பவைக்க என்னிடம் ரசீது மட்டும்தான் இருக்கிறது.

வெளியாட்கள் பேசுவது பரவாயில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "நம்ம பொண்ணு குடிச்சிட்டு எழுதுது" என்று சொன்னவர் என் சொந்த மாமா. நான் சிட்னிக்குக் கிளம்புகிறேன் என்றதும் அதே மாமா போன் செய்து, "வரும்போது சாங்கியில ஒரு லிட்டர் விஸ்கி வாங்கிட்டு வாம்மா" என்கிறார். நான் குடித்தால் குடி, அவர் குடித்தால் உடம்புவலிக்கு மருந்து. இதில் கணக்கும் இருக்கிறது. சிங்கப்பூருக்குள் வரியில்லாமல் மொத்தம் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். முழுதும் ஒயினாக இருக்கலாம், அல்லது ஒரு லிட்டர் விஸ்கி மாதிரி மதுவும் ஒரு லிட்டர் ஒயினும். என் பையில் இரண்டு செமியோன், ஒன்றரை லிட்டர். அவருடைய விஸ்கி சேர்ந்ததும் என் ஒரு பாட்டிலுக்கு வரி விழுந்தது. ஒயினில் உள்ள சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி வீதம், 11 விழுக்காட்டு ஒயினுக்கு ஏழு வெள்ளி சொச்சம், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பெரிய தொகை இல்லை, விமான நிலையச் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் சொல்லிக் கட்டிவிட்டேன். மாமா விஸ்கிக்கு மட்டும் காசு கொடுத்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒயினரியில் அரை நாளாவது இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஹோட்டல் அரங்கில் உட்கார சிட்னி வரை போக வேண்டாம். தனியாகப் போவதானால் ஹண்டருக்கு ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்த்துவிடுங்கள். அறுவடை நேரம், உங்களோடு நின்று பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. வரியில்லாச் சலுகை வேண்டுமென்றால் 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியா வழியாக வந்தால் அதுவும் கிடையாது.