கிடா முட்டி குழந்தையின் தலை புடைத்திருக்கிறது: ஸ்கேன் எடுக்கணுமா?

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பையனுக்கு 16 மாதம். நேற்று சாயங்காலம் மாமியார் வீட்டில் கிடா முட்டியதில் சிமென்ட் தரையில் விழுந்துவிட்டான். உடனே அழுதான், மயங்கவில்லை. காதுக்கு மேலே நன்றாகப் புடைத்திருக்கிறது. ராத்திரி பால் குடித்ததும் ஒருமுறை வாந்தி எடுத்தான். இப்போது விளையாடுகிறான். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? தூங்கவிடக் கூடாது என்று அத்தை ராத்திரி முழுக்க எழுப்பிக்கொண்டே இருந்தார், அது சரியா? கிடாவை விற்றுவிடச் சொல்கிறார் மாமா."

பையன் விளையாடுவது நல்ல அறிகுறிதான், ஆனாலும் இன்றே குழந்தை மருத்துவரும் சி.டி. ஸ்கேன் வசதியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பையனைப் பார்த்துவிட்டு மருத்துவர் அதை முடிவு செய்யட்டும். என்னை யோசிக்க வைப்பது வாந்தி இல்லை, வீக்கம் இருக்கும் இடம்.

2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நெற்றியில் மட்டும் புடைத்து, மற்றபடி நன்றாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நெற்றி எலும்பு கனமானது. காதுக்கு மேலே, பக்கவாட்டில் எலும்பு மெல்லியது, அதன் உள்பக்கத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தக் குழாய் கிழிந்தால் மண்டை ஓட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். இதில் மோசமான விஷயம், முதலில் சில மணி நேரம் குழந்தை சாதாரணமாகவே இருக்கும், அப்புறம்தான் சோர்ந்து விழும். வட அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான விதிகளிலும், 2 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நெற்றி தவிர்த்த இடத்தில் வீக்கம் என்றால் கவனம் தேவை என்றுதான் இருக்கிறது. 5 விநாடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியது, பலமான மோதல், "எப்போதும் போல இல்லை" என்று பெற்றவர்களுக்கே தோன்றுவது, இவையும் அதே கணக்கில் வரும். அந்தக் கடைசி விஷயத்தைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அம்மாவின் கண்ணுக்குப் படுவது பெரிய தகவல்.

வீக்கத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வேண்டாம். உள்ளே எலும்பு உடைந்திருந்தால் அது கெடுதல். மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தாலோ நடுவில் குழி விழுந்தது போலிருந்தாலோ உடனே கிளம்புங்கள். வலிக்குக் குழந்தையின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் சிரப் போதும், ஐபுப்ரோஃபென் மருத்துவர் பார்க்கும்வரை வேண்டாம். தலைக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள், ரத்தக்கசிவு அதில் தெரியாது.

தூக்கம் பற்றி: அத்தையின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தூக்கம் மூளையைக் கெடுக்காது. மயக்கத்தைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடுவோமோ என்பதுதான் ஆபத்து. அதனால் வழக்கமான நேரத்தில் தூங்கவிட்டு, முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள், சிணுங்கிப் புரண்டு படுத்தால் போதும். எழுப்பியும் எழவில்லை, வாந்தி மூன்று முறை ஆகிவிட்டது, வலிப்பு வந்தது, ஒரு கை அல்லது கால் அசைவு குறைந்தது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிகிறது, சமாதானம் செய்யவே முடியாமல் அழுகிறான் என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மாடு, நாய், கோழி வளர்க்கும் வீடுகளில் இதைத்தான் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் தலையில் பெரிய புடைப்பைவிட ஒரு சின்னப் பொத்தல் எனக்கு அதிகப் பயத்தைத் தரும். கைக்குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது, நாயின் கோரைப்பல்லோ மாட்டுக் கொம்பின் நுனியோ அதைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம், வெளியே முடிக்கு நடுவில் ஒரு புள்ளி அளவு காயம்தான் தெரியும். சேவல் கொத்திய காயத்திலிருந்து மூளையில் சீழ்க்கட்டி வந்ததாக மருத்துவ இதழ்களிலேயே பதிவு உண்டு. எனவே தலையில் பொத்தல் காயம் என்றால் எவ்வளவு சின்னதானாலும் மருத்துவர் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள், அதைக் கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், கீழே எலும்பு உள்வாங்கியது போலிருந்தால் மட்டும் அழுத்தக் கூடாது, துணியால் லேசாக மூடிக் கூட்டிப் போங்கள்.

நாய் கடித்தது தலையில் என்றால் வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளைக்குப் பக்கத்தில் கடித்தால் வெறிநோய் (ரேபிஸ்) சீக்கிரம் வரக்கூடும், எனவே 0, 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் கேட்டு வாங்குங்கள். கிடா முட்டியதற்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது. சிராய்ப்பு இருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டிபிடி பூஸ்டர் (டெட்டனஸுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) முடிந்ததா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்.

கிடாவை விற்பது உங்கள் குடும்ப முடிவு. கிடா போனாலும் மாடு இருக்கும், கன்று ஈன்ற மாடு யாரையும் கிட்டே விடாது, ஈயை ஓட்டத் தலையைத் திருப்பும்போதே கொம்பு குழந்தையின் முகத்தில் படும், அதன் தலை இருக்கும் உயரம் அப்படி. நடக்கத் தொடங்கிய குழந்தை தனியாகப் போக முடியாதபடி தொழுவத்துக்கு ஒரு படல் வைத்துவிடுங்கள், கிடாவின் கயிற்றைச் சுருக்கி வாசலுக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள். தீவனம் வைக்கும்போதும் பால் கறக்கும்போதும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போகாமல் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.